தேனில் குழைத்த மாத்திரை

என் தங்க அண்ணிக்கு,

கோபமாக இருக்கும்போது பேசாதே, போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்பீர்கள். கழுவிவிட்டுத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். போகவில்லை. இன்னொரு தரம் கழுவினாலும் போகாது என்று தெரிந்துவிட்டது. அதனால் இப்படியே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஆண் பிள்ளை. உங்கள் யாழினிதான் அவனை முதலில் மடியில் வாங்கினாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள் உங்கள் மகள், ஆனால் ஊர்ப் பெரியமனுஷி மாதிரி, "அத்தை, தலைய புடிக்கணும், தெரியாதா உங்களுக்கு?" என்று என்னை அதட்டுகிறாள். நெற்றியைச் சுருக்கும்போது அப்படியே நீங்கள்தான். அண்ணன் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

கடைசி மாதத்தில் எனக்கும் பிரஷர் ஏறியது. கால் இரண்டும் வீங்கின. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். உங்களைப் பிரசவத்துக்குச் சேர்த்த ஆஸ்பத்திரிப் பக்கம் நான் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை, வேறு இடத்துக்குத்தான் போனேன். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் நர்ஸம்மா ஒருவர் மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்து, குழந்தையின் துண்டைச் சரிசெய்துகொண்டே, போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "நசுக்காம, மெல்லாம, அப்படியே முழுசா முழுங்கணும். சரியா?"

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என் மூக்குக்குத் தேன் வாசனை வந்தது, அண்ணி. உங்கள் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த தேன்.

நம் அம்மாவின் மருந்துக் கல் உங்களுக்கு நினைவிருக்கும். வசம்பு, ஜாதிக்காய், சுக்கு எல்லாவற்றையும் உரசுகிற உள்ளங்கை அகலக் கல். பிள்ளை பெற்றவளின் வயிறு புண், அதில் எதுவும் முழுசாகப் போய் உட்காரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். சோறு குழைய வேண்டும். பூண்டு மசிய வேண்டும். பால்சுறாவை அவித்துப் புட்டாக உதிர்த்து, அதிலும் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் உங்களுக்கு ஊட்டுவார். அதே கையால்தான் உங்கள் பிரஷர் மாத்திரையையும் அந்தக் கல்லில் வைத்துப் பொடியாக்கி, தேனில் குழைத்து உங்கள் நாக்கில் தடவினார். நீங்கள் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கொஞ்சம் தேன் கொடும்மா" என்று வம்பு செய்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் முகம் சிவந்தது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றீர்கள். எழுந்து நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தீர்கள். அம்மா பதறிப்போனார். தண்ணீர் தெளித்து எழுப்பி, மடியில் போட்டுக்கொண்டு, "இந்தச் சனியன் புடிச்ச மாத்திரை பச்ச ஒடம்புக்கு ஆவாது, பாலும் வத்திப்போவும், இனிமே வேணாம் தங்கம்" என்றார். அதோடு மாத்திரை நின்றது.

பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலை பிளக்கிறது என்றீர்கள். குளிர்காற்று பட்டுவிட்டது என்று ஜன்னலைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, காதில் பஞ்சை அடைத்தோம். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றீர்கள். தூக்கம் கெட்ட கண் என்றோம். அடுத்த நாள் மத்தியானம், யாழினிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே உங்களுக்கு வெட்டி இழுத்தது. அண்ணன் கடலில் இருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஆனால் இந்த முறை கேட்டேன். நர்ஸம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போய், ஏன் முழுசாக விழுங்க வேண்டும், அரைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். என் குரல் அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னார்.

உங்களுக்குக் கொடுத்ததும் எனக்குக் கொடுத்ததும் ஒரே மாத்திரைதான். அது மெதுவாகக் கரைவதற்கென்றே செய்ததாம். குடலில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கி, ஒரு வேளை முழுக்கத் தாங்குமாம். வேலை முடிந்ததைக் கல்லீரல் உடைத்து வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கும், குடலிலிருந்து புதிதாக வந்துகொண்டே இருக்கும். வரவும் போக்கும் சமமாக இருந்தால் பிரஷர் நிதானமாக நிற்கும். அதைப் பொடியாக்கினால் மொத்தமும் ஒரே மூச்சில் ரத்தத்தில் பாயும். பிரஷர் தடாலென்று விழும், ஆள் மயங்கி விழலாம். அப்புறம் சீக்கிரமே உடம்பு அதைத் தீர்த்துவிடும். மீதி நேரத்துக்கு உடம்பில் மருந்தே இருக்காது.

"பிள்ளை பிறந்துட்டா பிரஷர் போயிடும்னுதானே எல்லாரும் சொல்றாங்க, டாக்டர்?" என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். கர்ப்பத்தில் உடம்பு முழுக்க ஊறியிருந்த நீர், பிரசவமான சில நாளில் ரத்தக்குழாய்க்குள்ளே திரும்பி வருமாம். சிறுநீரகம் அதை வெளியே தள்ளி முடிக்கும்வரை பிரஷர் ஏறும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு, எல்லாரும் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் அது உச்சிக்குப் போகும். அந்த நாட்களில் தலைவலி வந்தால், கண் மங்கினால், உடனே ஓடி வர வேண்டும். பால் வற்றாதா என்று கேட்டேன். வற்றாது என்றார். பாலில் போகும் மருந்து மிகக் கொஞ்சம், குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்றார்.

கேட்டுவிட்டு வெளியே வந்தேன். உங்களுக்கு வந்த நீர், உங்களுக்கு வந்த தலைவலி, உங்கள் கண்ணில் பறந்த பூச்சி. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம். இதை ஏன் உங்களுக்கு யாரும் சொல்லவில்லை?

உங்களுக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்த அந்த மருந்து ஜன்னல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் வாங்கப் போனேன். காகித உறையில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலே அடுத்த ஆளைப் பார்த்தார் அந்த மனிதர். அரைக்காதே என்று ஒரு சொல். நிறுத்தாதே என்று இன்னொரு சொல். அதைச் சொல்ல அவருக்கு எத்தனை மூச்சு செலவாகியிருக்கும்? உங்களை வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், "எல்லாம் நார்மல், சந்தோஷமா போயிட்டு வாங்க" என்று சிரித்தாரே. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அவர்கள் சொல்லாமல் விட்ட இடத்தை ஊர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது. அண்ணனுக்கு ஏழரை நடக்கிறது, அதுதான் பெண்டாட்டியைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள். பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்கிறதே, பழி போட வசதி. அண்ணன் அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குப் போடப் போகிறார். பூவத்தில் இருக்கும் உங்கள் பிறந்த வீட்டார் இன்னும் ஒரு படி மேலே. கடற்கரைக்காரனைக் கட்டிக்கொண்டதற்கு வயல்காரப் பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை என்றார்களாம். நீங்கள் மசக்கையில் பெற்ற அம்மா கையால் ஒரு வாய் சோறு என்று ஏங்கியபோது திறக்காத கதவு அது. உங்கள் உடம்பை எடுக்கும் நேரத்தில் மட்டும் மாலையோடு வந்து நின்றார்கள். அந்த மாலையைப் பிடுங்கித் தூர எறியப் போனேன், அண்ணன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நம் அம்மா வேறு கதை சொன்னார். "இங்கிலீஷ் மாத்திரை என் மருமவள முழுங்கிடுச்சு." மீன் ஏலத்தில் சொன்னார், கூடை இறக்கி விற்கும் தெருவில் சொன்னார், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிற ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்திச் சொன்னார். உங்கள் மேல் வைத்த பாசத்தால்தான் சொன்னார், அதுதான் கொடுமை. எதிர் வீட்டுச் சுகந்திக்கு நான் பிள்ளை பெற்ற நேரத்தில் நிறைமாதம். அவளுக்கும் பிரஷர். "தூக்கி வீசுடி அத" என்று அவளிடமும் அம்மா சொல்லியிருந்தார். அவளும் கேட்டுக்கொண்டு மாத்திரையை விட்டிருந்தாள்.

இந்த வீட்டுக்குத்தான் நான் குழந்தையோடு, மாத்திரை அட்டையோடு வந்து இறங்கினேன்.

வந்த அன்றே அட்டை காணாமல் போனது. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கேட்டால் அழுகை. "ஒருத்திய வாரிக் கொடுத்துட்டு நிக்கிறேன். ஒன்னையும் கொடுக்கச் சொல்றியா?" எனக்குத் தலை லேசாக வலிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வலி எனக்கு என்ன சொல்கிறது என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். உயிர் பயம் வந்தது, அண்ணி. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தானே வரும்.

"அம்மா, அன்னைக்கு அண்ணிக்கு அத அரைச்சுத்தானே கொடுத்த?"

"அரைக்காம? பச்ச ஒடம்புக்காரிக்கு முழுசாவா கொடுப்பாங்க?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது எல்லாம் அம்மாவுக்கு எப்படிப் புரியும் என்று யோசித்தேன். மூலையில் அம்மாவின் மீன் பெட்டி இருந்தது.

"ஐஸ் பார ஒடைக்காம பொட்டியில வச்சா எவ்வளவு நேரம் நிக்கும்?"

"சாயங்காலம் வரைக்கும் நிக்கும். எதுக்குக் கேக்குற?"

"தூளாக்கிக் கொட்டுனா?"

"கொஞ்ச நேரத்துல தண்ணியாப் போயிடும். அப்புறம் மீன் நாறிப்போவும். ஏண்டி?"

"அந்த மாத்திரையும் ஐஸ் பார் மாதிரிதாம்மா. ஒடைக்காம போனா நின்னு வேலை செய்யும். தூளாக்குனா மொத்தமும் ஒரே நேரத்துல எறங்கிடும்."

இந்த ஊரில் பிறந்த யாருக்கு இது புரியாது? பனிக்கட்டியோடு பிழைக்கிற சனம் நாம். அந்த ஜன்னல்காரர் ஐஸ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா அந்தக் கல்லைத் தொட்டிருக்கவே மாட்டார்.

அம்மா பெட்டியைப் பார்த்தார். "அதான் அவ விழுந்தாளா?" என்றார். "விழுந்தான்னு நான் நிறுத்திட்டேன்" என்றார். அடுத்த படிக்கு அவராகவே போய்விட்டார், நான் கூட்டிக்கொண்டு போகவில்லை. "நிறுத்துனதுக்கு அப்புறந்தான் தலவலி வந்துச்சு." அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு அட்டையை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் அப்போதே ஒன்றை எடுத்து விழுங்கினேன், விடிவதற்குள் தலைவலி விட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் எனக்கு அம்மா மேல் இரக்கமே வரவில்லை. தெரியட்டும் என்றுதான் இருந்தது. நீங்கள் இருந்திருந்தால், "அத்தைய அழ வச்சிட்டியா மொளகா" என்று என்னைத் திட்டியிருப்பீர்கள். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

மறுநாள் காலையில் ஒரு தம்ளர் வெந்நீரும், உள்ளங்கையில் முழு மாத்திரையுமாக வந்து நின்றார். நான் விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தார். பிள்ளை பெற்றவளின் அறையில் ஜன்னலைத் திறக்கிறார் நம் அம்மா, நம்புவீர்களா? புடவையை உதறிக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். திறந்த ஜன்னல் வழியே எனக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

சுகந்தி வாசலில் வலை பின்னுகிறவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் இருக்கிற இடம். அம்மா அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துத்தான் பேசினாரோ என்னவோ.

"அந்த மாத்திரைய எடுத்துட்டு வாடி. என் மருமவள மாத்திரை கொல்லல. நாந்தான் அத அரைச்சுத் தேன்ல கொழைச்சுக் கொடுத்தேன். மயங்கி விழுந்தான்னு நிறுத்துனேன். போயிட்டா. நான் கொன்னேன்னே வச்சுக்க. இத்தனை வருஷமா ஊர் பூரா தப்பாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்கே டாக்டரப் போய்ப் பாரு, வுட்டதச் சொல்லு. அவங்க முழுங்கச் சொன்னா முழுசா முழுங்கு."

சுகந்தி டீ வாளியை அப்படியே கீழே வைத்தாள். அவள் புறப்படும்வரை அம்மா அந்த வாசலை விட்டு நகரவில்லை. அவளோடு ஆட்டோவிலும் ஏறிப் போனார். அன்றே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணனிடமும் அம்மாவே சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். சனிக்கிழமை வழக்கம்போலத் திருநள்ளாற்றுக்குக் கிளம்பினார். இன்னும் எதற்கு என்று கேட்டேன். "இத்தனை வருஷமா அவரு மேல பழி போட்டுட்டேன்ல. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

பார்த்தீர்களா? அம்மா மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அண்ணன் சாமியிடமே கேட்டாகிவிட்டது. கேட்க வேண்டியவர்கள் கேட்டார்களா? தீட்டுக் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலுக்குப் போனேன். அதே மனிதர் இல்லை, வேறு ஆள். விஷயத்தைச் சொன்னேன். "எப்பவோ நடந்ததுக்கு இப்ப வந்து சண்டை போடறீங்களேம்மா. கூட்டத்தப் பாருங்க. ஒவ்வொருத்தருக்கும் வெளக்கம் சொல்லிட்டிருக்க முடியுமா?" என்றார். எனக்குப் பின்னால் சின்னப் பெண் ஒருத்தி, பிரசவித்த உடம்பு, துணைக்கு அவள் மாமியார். காகித உறை கைமாறியது. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு." அதே வார்த்தை, அண்ணி. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

நான் அந்த மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் உட்காரவைத்து, ஐஸ் பாரில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பைத்தியமோ என்று முதலில் பார்த்தார்கள். பிறகு கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் போய் நின்று சொல்ல முடியுமா? சொல்ல வேண்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு உள்ளேதானே இருக்கிறார்கள்?

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. படித்தவர் நீங்கள். அம்மா கல்லை எடுத்தபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாத்திரையை நிறுத்தியபோது மாட்டேன் என்றிருக்கலாம். பிறந்த வீடு கதவைச் சாத்தியதால் புகுந்த வீட்டில் நல்ல பெயர் எடுத்தே தீர வேண்டும் என்று, தலை பிளக்கும்போதும் "பரவால்ல அத்தை" என்றீர்கள். அந்த நல்ல பெயர் இன்னும் இருக்கிறது. ஊரே சொல்கிறது, தங்கமான பொண்ணு என்று. நீங்கள்தான் இல்லை.

நேற்று யாழினி கேட்டாள், "அத்தை, அம்மாவ சாமி ஏன் கூட்டிட்டுப் போச்சு?" சாமி கூட்டிப் போகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். மீதியை அவளுக்குப் புரியப் புரியச் சொல்வேன், நம் அம்மா முன்னாலேயே சொல்வேன். அம்மா சரி என்றிருக்கிறார்.

ஒன்று மட்டும் உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். உங்கள் மகளை நான் உங்களைப் போல நல்ல பெண்ணாக வளர்க்க மாட்டேன். யார் எதைக் கையில் கொடுத்தாலும், டாக்டரே கொடுத்தாலும், அம்மாவே பாசத்தோடு தேனில் குழைத்துக் கொடுத்தாலும், இது என்ன, எதுக்கு, முழுங்கினால் என்ன ஆகும் என்று வாயைத் திறந்து கேட்கிறவளாக வளர்ப்பேன். வாயாடி என்று ஊர் சொல்லட்டும். அவள் இருப்பாள்.

இப்படிக்கு,
நீங்கள் பெயர் வைத்த, இன்னும் காரம் குறையாத உங்கள் நாத்தனார்,
மொளகா
காரைக்கால்மேடு